மணமகன் மைக் முன்னால் நிற்கும்போது

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமணம் பற்றிய இந்தத் தொடர் கூட்டங்களில் சட்டம், காவல்துறை, வாழ்வாதாரம் என்று கனமான தலைப்புகளில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது, 'மணமகன் தன் திருமணத்தில் எப்படிப் பேசுவது' என்பது. தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் கிடையாது, ஓமம் கிடையாது, அம்மி கிடையாது, அருந்ததி கிடையாது. இவ்வளவையும் எடுத்துவிட்டால் மேடையில் மிச்சம் இருப்பது பேச்சுதான். அந்தத் திருமணமே பேச்சால்தான் நடக்கிறது. அப்படியிருக்க, அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் மண்டபத்தில் மைக்கைக் கையில் வாங்கும் நொடிவரை யோசிப்பதே இல்லை.

நான் மொழி பற்றி ஆய்வு செய்கிறவன் என்பதால் மணமாகப் போகிற நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "உறுதிமொழியும் கடைசியில் ஏற்புரையும் நான் பேசணும். செந்தமிழ்ல எழுதிப் படிக்கவா, இல்ல வீட்ல பேசுற மாதிரி பேசிடவா?" இன்னும் இளையவர்கள் என்றால், "ரொம்ப ஃபார்மலா இருந்தா பழைய கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும், ரொம்ப கேஷுவலா இருந்தா விளையாட்டா எடுத்துக்குவாங்க" என்பார்கள். இரண்டும் உண்மைதான். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், நம் மேடைப் பேச்சு முறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாற்றில் சொல்லப்படுவது 1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாடு. பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை என்று அன்றைக்கு யாரும் வாய்திறந்து பேசாததையெல்லாம் தீர்மானமாகப் போட்ட மாநாடு. அதே 1929 டிசம்பரில் குத்தூசி குருசாமி - குஞ்சிதம் திருமணம் ஈரோட்டில் நடந்தது. இந்தத் திருமணங்களின் வடிவத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவை பொதுக்கூட்டத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டன. தலைவர் உண்டு, முன்மொழிவதும் வழிமொழிவதும் உண்டு, சொற்பொழிவுகள் உண்டு, இறுதியில் நன்றி நவிலல் உண்டு. பெரியார் அதை 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்றே அழைத்தார். புரோகிதர் உட்கார்ந்த இடத்தில் கூட்டத் தலைவர் உட்கார்ந்தார். ஊரே கூடும் இடம் கல்யாண வீடு என்பதால், அங்கேயே பெண்ணடிமை பற்றியும் சாதி பற்றியும் பேசிவிடுவது அன்றைக்கு மிகப் புத்திசாலித்தனமான வழி. மணி கணக்கில் பேசினார்கள். கேட்க ஆள் இருந்தது.

இன்றைக்கும் நம் அழைப்பிதழ்களில் அந்த வடிவம் அப்படியே இருக்கிறது. தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வாழ்த்துரை 15 பேர். மணமக்கள் இரண்டு மணி நேரம் மாலையோடு உட்கார்ந்து வியர்வை துடைக்கிறார்கள். பதினைந்தாவது ஆள் பேசும்போது முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டிருப்பார்கள். மைக் செட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். அப்போதுதான் மணமகனை நன்றி சொல்லக் கூப்பிடுவார்கள். அவரும் அதுவரை தன் காதில் விழுந்த 15 பேரின் நடையிலேயே, "மாண்புமிகு, மதிப்பிற்குரிய, பாசத்திற்குரிய, பேரன்பிற்குரிய" என்று ஆரம்பித்து விளிப்பதிலேயே மூன்று நிமிடம் கழித்துவிட்டு, "அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்து விடைபெறுகிறேன்" என்று முடிப்பார். தன் கல்யாணத்திலிருந்து தானே விடைபெறுகிற மாப்பிள்ளையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மணமகள் பேசினாரா என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சட்டத்துக்குள் ஒரு நிமிடம் போக வேண்டும். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில், சடங்குகள் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. ஆயிரக்கணக்கான இணையர்கள் அந்த ஒரு தீர்ப்பால் அந்தரத்தில் நின்றார்கள். அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவு, அதற்கு முன்னால் நடந்த திருமணங்களையும் செல்லும் என்றது. அதன் வாசகத்தை நம் தோழர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். உறவினர்களோ நண்பர்களோ வேறு ஆட்களோ முன்னிலையில், மூன்று வழிகளில் எதன்படியும் திருமணம் நடக்கலாம் என்கிறது. ஒருவரை ஒருவர் கணவராக, மனைவியாக ஏற்பதாக இருவரும் சொல்வது ஒரு வழி. மாலை மாற்றுவதோ விரலில் மோதிரம் போடுவதோ இன்னொன்று. தாலி கட்டுவது மூன்றாவது. மூன்றுக்கும் நடுவில் இருப்பது 'அல்லது'.

அந்த முதல் வழியில் ஒரு சிறு தொடர் இருக்கிறது. இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று. வேறு மதத்தவரை மணப்பவர்கள் போகிற 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே நிபந்தனை உண்டு. பதிவாளர் முன்னிலையில், மூன்று சாட்சிகள் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால்தான் திருமணம். 'புரியும் மொழி' என்பதை நாம் சமஸ்கிருதத்துக்கு எதிராக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அது நமக்கும் பொருந்தும். மணமகன் தன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் புரியாத தமிழில், 'இல்லற நன்னெறியில் இணைந்தொழுகி' என்று படித்தால், அது அந்தப் பாட்டிக்கு இன்னொரு மந்திரம். புரியாததைக் கேட்டுத் தலையாட்டும் பழக்கத்தை ஒழிக்கத்தானே இந்த மேடையைப் போட்டோம்?

இந்த இடத்தில் நிறுத்தினால், 'அப்படியானால் வீட்டுத் தமிழில் பேசிவிடு' என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். என்னால் நிறுத்த முடியாது. ஏனென்றால் வீட்டுத் தமிழ் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. பிராமணர் பேச்சும் பிராமணர் அல்லாதார் பேச்சும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1960களிலேயே எழுதினார்கள். ஆய்வாளர்கள் எழுதும் முன்பே ஊருக்கு அது தெரியும். ஒருவர் நாலு வாக்கியம் பேசினால் எந்த மாவட்டம் என்று கண்டுபிடிப்பவர்கள், அடுத்த நாலு வாக்கியத்தில் எந்தத் தெரு என்று தேட ஆரம்பிப்பார்கள். உச்சரிப்பு, உறவுச் சொல், ஒரு வினைமுற்றின் வால், இதெல்லாம் போதும் அவர்களுக்கு. மண்டபத்தில் பெண் வீட்டார் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பாக்கள் மாப்பிள்ளை வாயைத் திறக்கும்போது என்ன கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இடத்தில் எழுத்துத் தமிழ் ஒரு பாதுகாப்பு. அது யாருடைய வீட்டுப் பேச்சும் அல்ல என்பதால் எல்லோருக்கும் பொது. எல்லோரும் பள்ளியில் கற்றுக்கொண்டது. பெர்னார்ட் பேட் என்ற மானிடவியலாளர் மதுரையில் தங்கி ஆய்வு செய்து, திராவிட இயக்க மேடைப் பேச்சு பற்றி 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். பழமையானதுபோல் ஒலிக்கும் அந்தச் செந்தமிழ் மேடை நடை உண்மையில் 20ஆம் நூற்றாண்டில் உருவான புதிய அரசியல் நடை என்பது அவர் காட்டும் முக்கியமான செய்தி. பெரியார் பேச்சு வழக்கில்தான் பேசினார், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த தலைமுறை அடுக்குமொழிக்குப் போனது. அதைக் கிண்டல் செய்வது இன்றைக்கு எளிது. ஆனால் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் அந்த நடையைக் கற்றுக்கொண்டு மேடையேறிய பிள்ளைகள், அதுவரை தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களைக் கீழே உட்கார்ந்து கேட்க வைத்தார்கள்.

அதற்கும் முன்னாலேயே, இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பண்டிதரின் உரைநடையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது எளிய நடை கிடையாது. இலக்கணமும் நிகண்டும் பௌத்தமும் புரண்டு வரும் நடை. முறையான தமிழ் என்பது மேல்சாதிக்காரர்களிடமிருந்து நாம் இரவல் வாங்கியது என்று நினைப்பவர்கள் அந்த இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. வளாகங்களில், குறிப்பாகப் பெருநகர வளாகங்களில், முறைமை எல்லாமே போலித்தனம், சகஜமாக இருப்பதுதான் புரட்சி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கால்மேல் கால் போட்டுப் பேசுவது, திருமணத்தில் ஜோக் அடித்து எல்லோரையும் சிரிக்க வைப்பது. நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மரியாதை தாராளமாகக் கிடைத்த வீட்டில் பிறந்தவருக்கு அதை உதறுவது சுலபம். நம் ஊர்களில் அறுபது வயது ஆளை மேலத்தெருப் பத்து வயதுப் பையன் 'வாடா போடா' என்று கூப்பிட்ட காலம் பழைய காலம் இல்லை. அந்தப் பையனை இந்தப் பெரியவர் 'சின்ன ஐயா' என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பெரியவர் தன் மகன் திருமணத்தில் முதல்முறையாக மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியில் தன் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று வருவதைக் கேட்கிறார். அவருக்கு அந்த 'அவர்கள்' வெறும் சம்பிரதாயமா? இயக்கத்தின் பெயரே சுயமரியாதை இயக்கம்தான், தோழர்களே.

ஆகவே என் கருத்து இதுதான். முறைமையை எங்கே வைப்பது என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மண்டபத்தில் யாருக்கெல்லாம் இதுவரை மரியாதை மறுக்கப்பட்டதோ, அவர்களை விளிக்கும்போது முழு முறைமையோடு விளியுங்கள். உறுதிமொழியிலும் முறைமை வேண்டும். மற்ற இடங்களில் பேசுவதுபோலவே பேசுங்கள்.

உறுதிமொழியில் ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் நாம் வாழும் ஊர். 2016இல் உடுமலைப்பேட்டை, 2025இல் நெல்லை. இவற்றை இங்கே விளக்க வேண்டியதில்லை. திருமணம் முடிந்த மறுநாளே 'பெண்ணைக் காணவில்லை' என்று காவல் நிலையத்தில் புகார் வந்து நிற்கும் சூழலில், அந்தப் பெண் தன் முழுப் பெயரைச் சொல்லி, இன்னாரை நான் என் விருப்பத்தோடு கணவராக ஏற்கிறேன் என்று தெளிவாகச் சொன்னதும், அதை நாலு பேர் கேட்டதும், ஒரு கைப்பேசியில் அது பதிவானதும் பின்னால் உதவும். மாலை மாற்றினாலே சட்டத்துக்குப் போதும். 2014இல் உயர்நீதிமன்றம் வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் திருமணங்கள் செல்லாது என்று சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இளவரசன் வழக்கில் மாற்றி, இந்தப் பிரிவின்படி ஊரறிய அறிவித்து நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. இருந்தாலும் சொல் தெளிவாக இருப்பது நல்லது. உறுதிமொழியில் கவிதை வேண்டாம். 'நீயே என் வானம்' என்பது காதில் இனிக்கும், ஆனால் எழுதிவைத்துக் காட்டினால் அதில் யார் யாரை ஏற்றார்கள் என்று தெரியாது. இரண்டு பெயர், ஒரு வினைச்சொல், எல்லோருக்கும் கேட்கும் குரல். பிறகு 90 நாளுக்குள் பதிவு. 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, தேன்நிலவுக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடாதீர்கள்.

உறுதிமொழித் தாளை மேடையேறும் முன் ஒருமுறை வாங்கிப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த சில தாள்களில் மணமகன் படிப்பது 'உன்னை என் வாழ்க்கைத் துணைவியாக' என்றிருக்கிறது, மணமகள் படிப்பது 'உங்களை என் வாழ்க்கைத் துணைவராக' என்றிருக்கிறது. சமத்துவம் பற்றி அரை மணி நேரம் உரையாற்றிவிட்டு, அடுத்த நிமிடமே ஒருமையையும் பன்மையையும் இப்படிப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. தட்டச்சு செய்தவருக்கு அது இயல்பாக வந்தது, அவ்வளவுதான். இயல்பாக வருவதைத்தான் நாம் பார்க்க வேண்டும். தமிழில் மரியாதை என்பது பெரும்பாலும் அடுக்குமொழியில் இருப்பதில்லை, இந்தச் சின்ன விகுதிகளில் இருக்கிறது. நீங்கள் இருவரும் வீட்டில் 'நீ' என்று பேசிக்கொண்டால் மேடையிலும் இருவரும் 'உன்னை' என்று சொல்லுங்கள். 'நீங்கள்' என்றால் இருவரும் 'உங்களை'. எதுவானாலும் ஒரே சொல் இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

ஏற்புரையிலும் இதே சிக்கல். "மாவட்டச் செயலாளர் அண்ணன் அவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று பன்மையில் சொல்லும் அதே வாய், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி "இவ இல்லன்னா நான் இல்ல" என்கிறது. கூட்டம் கைதட்டும். அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அவருடைய அலுவலக நண்பர்கள், அவரிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கீழே உட்கார்ந்திருக்கும்போது அவரை 'இவ' என்று சுட்டும் உரிமை தாலியே இல்லாத இந்தத் திருமணத்தில் எந்த வழியாக உள்ளே வந்தது? அவரைப் பெயர் சொல்லிச் சுட்டலாம். 'இவங்க' என்று சொல்லலாம். நம்மில் பலர் காதலிக்கும்போது 'தோழர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம், அதையே சொல்லலாம்.

அதைவிட மோசம், 'வாழ்க்கை கொடுத்தேன்' வகைப் பேச்சு. ஆதிக்க சாதியில் பிறந்த மணமகன், தலித் பெண்ணை மணக்கும் மேடையில், "எத்தனையோ எதிர்ப்புகளுக்கு நடுவில் இவரைக் கரம் பிடித்திருக்கிறேன், என் குடும்பத்தையே எதிர்த்து நின்றேன்" என்று தன் தியாகத்தைப் பட்டியலிடுவார். மேடையில் இருப்பவர்களும் 'புரட்சி மணமகன்' என்று பொன்னாடை போர்த்துவார்கள். பெண்ணின் அப்பா அம்மா அந்த நேரத்தில் எங்கே பார்ப்பார்கள் என்று யாராவது கவனித்ததுண்டா? தங்கள் மகளை மணப்பது ஒரு தியாகம் என்று மாப்பிள்ளையே மைக்கில் சொல்வதைக் கேட்க அவர்கள் வரவில்லை. 'கலப்புத் திருமணம்' என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். எதையோ கலப்படம் செய்ததுபோல இருக்கிறது. அரசின் நிதியுதவித் திட்டம் இன்னமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, விண்ணப்பத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், மேடையில் எழுத வேண்டியதில்லை. இரண்டு பேருடைய சாதியையும் மேடையில் யாரும் சொல்லக் கூடாது என்று வாழ்த்த வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் ஒருவர் சொல்லிவிடுவார். அப்போது ஏற்புரையில் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் கடந்துபோவதுதான் நல்லது.

மணமகள் பேச்சுக்கு வருகிறேன் என்று சொன்னேன். 1873 டிசம்பரில் புனேயில் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜம் புரோகிதர் இல்லாமல் முதல் திருமணத்தை நடத்தியது. சுக்கிலநத்தத்துக்கு 55 ஆண்டு முன்னால். பிறகு 1887இல் புலே அந்தத் திருமண முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். அதில் வழக்கமாகப் புரோகிதர் பாடும் மங்களாஷ்டகத்தை எடுத்து மணமக்கள் வாயிலேயே கொடுத்துவிட்டார். மணமகனும் மணமகளும் மாறி மாறிப் பாடுகிறார்கள். மணமகள் தன் முறை வரும்போது பெண்களுக்கான உரிமைகளைக் கேட்கிறாள், மணமகன் அவற்றை மதிப்பதாக வாக்குக் கொடுக்கிறான். எனக்கு இதில் பிடித்தது, அவர் மணமகனுக்குத் தனியாக ஓர் உரை எழுதவில்லை என்பது. மணமகன் பேசுவது பதில் பேச்சு. நம் மேடையிலோ நூறாண்டுகளாகப் பெண்ணுரிமை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அந்தப் பெண்ணுக்கு மட்டும் மைக் வருவதில்லை. அன்றைக்கு இயக்கத்துப் பெண்கள் திருமண மேடைகளில் சொற்பொழிவாற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் மற்றவர் திருமணத்தில் பேசினார்கள்.

என்னிடம் கேட்கும் மணமகன்களுக்கு நான் சொல்வது, 'ஏற்புரை: மணமக்கள்' என்று அழைப்பிதழில் அச்சடியுங்கள் என்பது. அச்சில் வந்துவிட்டால் பெரியவர்கள் நேரம் ஒதுக்கிவிடுவார்கள். யார் முதலில் பேசுவது என்று இருவரும் முடிவு செய்துகொள்ளட்டும். அவருக்கு மேடையில் பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயப்படுத்திப் பேசவைப்பதும் ஒரு சடங்குதான். ஆனால் அப்போது மணமகனும் சுருக்கமாக நன்றி சொல்லி அமர்ந்துவிடலாம். அவர் சார்பில் பேசுகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

நன்றிப் பட்டியல் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கட்சிப் பொறுப்பாளர்களை ஒருவர் விடாமல் சொல்லப் பார்த்தால் நிச்சயம் ஒருவர் விடுபடுவார், அவர் இரண்டு ஆண்டு கோபமாக இருப்பார். எல்லோரையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லி நன்றி சொல்ல நினைத்தால், பறையிசைத்த கலைஞர்கள், சமைத்தவர்கள், இலை எடுப்பவர்கள் என்று ஆரம்பியுங்கள், அதுவும் அவர்கள் பெயரை முதல்நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு. 'சமையல் செய்த அண்ணன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாகப் பெயரும் 'அவர்களும்' வரட்டும். நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாக்கியமாக எழுதாதீர்கள், குறிப்பாக எழுதுங்கள். வாக்கியமாக எழுதினால் கை தானாகவே செந்தமிழுக்குப் போய்விடும். குறிப்பைப் பார்த்துப் பேசினால், "எங்க அம்மா இவங்களப் பாக்க மாட்டேன்னு ரெண்டு வருஷம் சொன்னாங்க, இன்னைக்குக் காலைல பூ வாங்கிட்டு வந்தது அவங்கதான்" என்று வாயில் வருவது வந்துவிடும். அந்த வாக்கியத்தைச் செந்தமிழில் எழுதிப் பாருங்கள், அந்த அம்மா காணாமல் போய்விடுவார்.

கடைசியாக ஒரு சிக்கல். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் மணம் முடிக்கப்போகிற ஒரு நண்பர். தலித் குடும்பம், அப்பா விவசாயக் கூலியாக இருந்தவர். பெண் ஊரின் ஆதிக்க சாதி. ஏற்புரையை ஏறக்குறைய முடித்துவிட்டார், ஒரே ஓர் இடத்தில் நிற்கிறார். பெண்ணின் அப்பா ஒருவேளை வந்தால் அவரை எப்படி விளிப்பது?

'மாமா' என்பதுதான் முறை. எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த ஊரில் மாமன், மச்சான், சித்தப்பா என்ற உறவுச் சொற்கள் சேரித் தெருவின் எல்லையோடு நின்றுவிடும், இந்தப் பக்கம் வராது. மைக்கில் 'மாமா' என்று சொன்னால் அந்த மனிதர் எழுந்து போய்விடலாம். கூட வந்தவர்கள் வேறு ஏதாவது செய்யலாம். அதற்காகச் சொல்லாமல் இருப்பதா என்று இவருக்குக் கோபம். 'ஐயா' என்பது மரியாதையான, முறையான சொல், யாரும் குறை சொல்ல முடியாது. அதைத்தான் தாளில் எழுதியிருந்தார். படித்துக் காட்டியபோது அவருடைய அப்பா குறுக்கே பேசினார். "என்ன வேணாலும் சொல்லு. ஐயான்னு மட்டும் சொல்லிராத. நான் ஆயுசு பூரா சொன்னது போதும்."

'அவர்கள்' போட்டுப் பெயர் சொல்லலாம் என்றேன் நான். மாமனாரைப் பெயர் சொல்வது அவர்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை, சண்டைக்கு இழுத்ததாக ஆகும் என்றார். அவர் மணக்கப்போகும் தோழர் ஒரு வழி சொன்னார். "என் பேரச் சொல்லி, 'அவங்க அப்பா'ன்னு சொல்லு. அது உண்மைதானே, அத யாரும் மறுக்க முடியாது." எங்கள் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் நண்பருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. முறைப்படி கிடைக்க வேண்டிய ஒரு சொல்லைத் தானே விட்டுக்கொடுத்ததாக ஆகுமே என்கிறார். அதுவும் நியாயம்தான்.

பெண்ணின் அம்மா வருவதாகத் தகவல் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்பா பற்றி ஒன்றும் தெரியவில்லை. தாளில் அந்த இடம் இப்போதைக்குக் காலியாக இருக்கிறது. நேரமாகிவிட்டது, இதைப் பற்றி யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானே அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.